சர்வீஸுக்குப் போய் வந்த கார் ஏன் அதிகம் குடிக்கிறது?

காஞ்சீபுரம் காந்தி ரோட்டில் முகூர்த்த மாதங்களில் கார் நிறுத்த இடம் கிடைப்பது இல்லை.

சென்னையில் இருந்து ஒரு கார் வருகிறது. வேலூரில் இருந்து ஒரு கார் வருகிறது. பெங்களூரில் இருந்து ஒரு கார் வருகிறது. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், பாட்டி, பேத்தி எல்லோரும் இறங்குகிறார்கள். முதலில் கோவில். பிறகு பட்டுக் கடை.

அந்தக் கார்களில் இப்போது ஒரு புது வகையும் கலந்து வருகிறது. நிற்கும்போது சத்தம் இல்லை. கிளம்பும்போதும் சத்தம் இல்லை. கொஞ்ச தூரம் நகர்ந்த பிறகுதான் எஞ்சின் உறுமுகிறது.

அதுதான் "ஹைபிரிட்" கார்.

இந்தக் காரின் விலை அதிகம். சாதாரண பெட்ரோல் காரைவிடச் சில லட்சம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அப்படியும் வாங்குகிறார்கள். ஏன்? பெட்ரோல் மிச்சம் ஆகும் என்பதற்காக.

பெட்ரோல் மிச்சம் ஆகாவிட்டால்?

ஹைபிரிட் கார் ஓடும் நாடுகளில் எல்லாம் ஒரு புகார் உண்டு. "கார் நன்றாகத்தான் ஓடிக் கொண்டு இருந்தது. சர்வீஸுக்கு விட்டோம். திரும்பி வந்ததில் இருந்து பெட்ரோல் அதிகம் செலவாகிறது" என்பதுதான் அந்தப் புகார்.

கெட்டுப் போன வண்டியைச் சர்வீஸுக்கு விட்டால், நன்றாகித் திரும்பி வர வேண்டும். நன்றாக ஓடிய வண்டி சர்வீஸுக்குப் போய், குறையோடு திரும்பி வந்தால் என்ன செய்வது? யாரைக் கேட்பது?

மாதம் 1,500 ரூபாய்

இந்தக் குறை சின்னக் குறை அல்ல. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு கார் லிட்டருக்கு 22 கிலோ மீட்டர் ஓடிக் கொண்டு இருந்தது. சர்வீஸுக்குப் பிறகு 18 கிலோ மீட்டர்தான் ஓடுகிறது என்று வைத்துக் கொள்வோம். மாதம் 1,500 கிலோ மீட்டர் ஓடினால், முன்பு 68 லிட்டர் செலவாகி இருக்கும். இப்போது 83 லிட்டர் வேண்டும். கூடுதல் செலவு 15 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், மாதம் 1,500 ரூபாய் போகிறது. வருஷத்துக்கு 18,000 ரூபாய்!

காஞ்சீபுரம் கடையில் ஒரு பட்டுப் புடவையையே வாங்கி விடலாம்.

வாடகைக்கு ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் பெரிய அடி. அவர்கள் ஓடுகிற தூரம் அதிகம். சவாரிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வாடகை பேசி விடுகிறார்கள். பெட்ரோல் கூடுதலாகச் செலவானால், அது அவர்கள் வீட்டு அரிசிக் காசில் இருந்துதான் போகும்.

இரண்டு பேர் நெய்யும் தறி

ஹைபிரிட் கார் எப்படி வேலை செய்கிறது? அது தெரிந்தால்தான், குறை எங்கே என்று தேட முடியும்.

பிள்ளையார்பாளையத்துத் தறிகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம். கரை வேறு நிறம். இரண்டையும் தறியிலேயே கோர்த்து நெய்ய வேண்டும். அதற்கு ஒரு ஆள் போதாது. நெசவாளி ஒருவர். பக்கத்தில் ஒரு துணையாள். இருவர் கையும் ஒன்றாக ஓட வேண்டும்.

ஹைபிரிட் காரிலும் இரண்டு பேர் உண்டு. ஒருவர் பெட்ரோல் எஞ்சின். இன்னொருவர் மின்சார மோட்டார். மோட்டாருக்குச் சாப்பாடு போடுவது பேட்டரி.

கார் மெதுவாகக் கிளம்பும்போது மோட்டார் இழுக்கும். எஞ்சின் சும்மா இருக்கும். வேகம் கூடினால் எஞ்சின் வேலைக்கு வரும். பிரேக் போட்டால், அந்த வேகம் வீணாகப் போவது இல்லை. சக்கரம் மோட்டாரைச் சுற்றுகிறது. அதில் மின்சாரம் பிறந்து பேட்டரிக்குப் போகிறது. இந்த வகைக் காரின் பேட்டரிக்கு வீட்டில் வயர் மாட்டிச் சார்ஜ் ஏற்ற வேண்டியது இல்லை.

எப்போது எஞ்சின், எப்போது மோட்டார் என்று முடிவு செய்வது காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்.

இப்படிப்பட்ட காரை முதன் முதலில் பெரிய அளவில் செய்து விற்றது ஜப்பானின் டொயோட்டா கம்பெனி. காரின் பெயர் பிரியஸ். ஆண்டு 1997. நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் இருந்துதான் இந்தக் கார்கள் பரவலாக விற்கின்றன. அந்த ஆண்டில் ஹோண்டா சிட்டி ஹைபிரிட், மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ் ஆகியவை வரிசையாக வந்தன. லிட்டருக்கு 27.97 கிலோ மீட்டர் என்பது கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டுக்குக் கம்பெனி சொன்ன கணக்கு. ஹைகிராஸுக்கு 23.24.

இவை சோதனைக் கூடத்தில் உருளைகளின் மேல் ஓட்டி எடுத்த கணக்குகள். அங்கே கத்திரி வெயில் இல்லை. தேர் வருகிறது என்று தெருவை மறிப்பதும் இல்லை. ஆகவே, ரோட்டில் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அதைக் குறை என்று சொல்ல முடியாது. நேற்று வரை கொடுத்ததை இன்று கொடுக்காவிட்டால்தான் குறை.

அமெரிக்காவில் ஒரு வழக்கு

சர்வீஸில் மைலேஜ் குறையுமா? குறையும். அதற்கு ஒரு வழக்கே நடந்தது.

அமெரிக்காவில் ஹோண்டா கம்பெனி "சிவிக் ஹைபிரிட்" என்ற காரை விற்றது. ஒரு காலனுக்கு 50 மைல் வரை ஓடும் என்று விளம்பரம் செய்தது. நம் கணக்கில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 21 கிலோ மீட்டர். (இதே கார் 2008-இல் இந்தியாவுக்கும் இறக்குமதி ஆயிற்று. விலை எட்டாத உயரத்தில் இருந்ததால் இங்கே அதிகம் விற்கவில்லை.)

சில ஆண்டுகள் கழிந்தன. பல கார்களில் பேட்டரி சீக்கிரம் நலிந்து போயிற்று. 2010-ஆம் ஆண்டில் கம்பெனி ஒரு வேலை செய்தது. 2006 முதல் 2008 வரை வந்த மாடல்களைச் சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டு வரச் சொன்னது. காரின் கம்ப்யூட்டரில் இருந்த கட்டளைகளை மாற்றி எழுதியது.

என்ன மாற்றம்? பேட்டரி நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்பதற்காக, அதன் வேலையைக் குறைத்தார்கள். துணையாளைக் கொஞ்சம் ஓய்வு எடுக்கச் சொன்ன மாதிரி.

துணையாள் ஓய்வு எடுத்தால் என்ன ஆகும்? நெசவாளியின் தலையில் வேலை விழும். எஞ்சின் அதிகமாக ஓடியது. பெட்ரோல் அதிகமாகச் செலவாயிற்று.

கார் சொந்தக்காரர்கள் கொதித்து எழுந்தார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரு கூட்டு வழக்கு நடந்தது. தலைக்கு 100 முதல் 200 டாலர் வரை தருவதாகவும், புதுக் கார் வாங்கினால் தள்ளுபடி தருவதாகவும் கம்பெனி சமாதானம் பேசியது.

லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியைச் சேர்ந்த ஒரு பெண் அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. 2006-ஆம் ஆண்டு மாடல் கார் அவருடையது. காலனுக்கு 30 மைலுக்கும் கீழே போய் விட்டது என்பது அவர் புகார். அவர் சின்ன வழக்குகளுக்கான கோர்ட்டுக்குப் போனார். அந்தக் கோர்ட்டில் வக்கீல் வைத்து வாதாட முடியாது. கம்பெனியும் வக்கீல் வைக்க முடியாது!

2012 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. கம்பெனி 9,867 டாலர் கொடுக்க வேண்டும் என்று கோர்ட்டு சொன்னது. உலகம் முழுவதும் பத்திரிகைகளில் இது செய்தி ஆயிற்று.

கம்பெனி அப்பீல் செய்தது. அதே ஆண்டு மே மாதம் மேல் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. விளம்பர வாசகங்கள் குறிப்பிட்ட வாக்குறுதி ஆகாது என்பது மேல் கோர்ட்டின் கருத்து.

யாருக்கு வெற்றி என்பது இருக்கட்டும். இந்த வழக்கில் பார்க்க வேண்டிய விஷயம் வேறு. ஆணி ஒன்றைக்கூடக் கழற்றாமல், ஒரு சாமானைக்கூட மாற்றாமல், கம்ப்யூட்டரில் எழுதிய கட்டளையை மாற்றியே ஒரு காரின் மைலேஜைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. வண்டிக்குச் சொந்தக்காரர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

இங்கேயும் சர்வீஸ் நிலையங்களில் கம்ப்யூட்டரில் மாற்றம் செய்வது உண்டு. பெரும்பாலும் அது நல்லதற்காகத்தான் இருக்கும். ஆனாலும், செய்தது என்ன என்று வண்டிக்காரருக்குச் சொல்ல வேண்டும். வண்டியை எடுக்கும்போது, "கம்ப்யூட்டரில் ஏதாவது மாற்றினீர்களா? மாற்றி இருந்தால் பில்லில் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பதில் தவறு இல்லை. மரியாதையாகக் கேட்டால் போதும்.

குறைந்தது நிஜம்தானா?

சண்டைக்குப் போவதற்கு முன்பு ஒன்றைத் தீர்த்துக் கொள்ள வேண்டும். மைலேஜ் நிஜமாகவே குறைந்து விட்டதா?

காருக்குள் ஒரு கண்ணாடித் திரை இருக்கிறது. அதில் "சராசரி மைலேஜ்" என்று ஒரு எண் வருகிறது. பலர் அதைப் பார்த்துத்தான் கலங்கிப் போகிறார்கள்.

அந்த எண் பல நாள் ஓட்டத்தின் சராசரி. சர்வீஸில் பேட்டரி இணைப்பைக் கழற்றினால், சில கார்களில் அந்தக் கணக்கு அழிந்து விடும். மெக்கானிக்கே பொத்தானை அமுக்கி அழித்து விடுவதும் உண்டு. பிறகு புதுக் கணக்கு தொடங்கும். முதல் இரண்டு நாளும் பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று குட்டி குட்டி ஓட்டமாக இருந்தால், அந்த எண் குறைவாகத்தான் காட்டும். ஆறு மாதச் சராசரியையும் இரண்டு நாள் சராசரியையும் ஒப்பிட்டு என்ன பயன்?

சரியான கணக்குக்குக் கண்ணாடித் திரை வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் போதும்.

பங்கில் டேங்க் நிரம்பப் பெட்ரோல் போடுங்கள். குழாய் தானாக "டக்" என்று நின்றதும் நிறுத்தி விடுங்கள். அதற்கு மேல் திணிக்க வேண்டாம். மீட்டரில் கிலோ மீட்டரைக் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு வழக்கம் போல் ஓட்டுங்கள். டேங்க் பாதிக்குக் கீழே இறங்கியதும், அதே பங்குக்குப் போங்கள். முடிந்தால் அதே குழாயில் போடுங்கள். மறுபடியும் "டக்" என்று நிற்கும் வரை நிரப்புங்கள். எத்தனை லிட்டர் பிடித்தது என்று பாருங்கள். ஓடிய கிலோ மீட்டரை அந்த லிட்டரால் வகுத்தால் மைலேஜ் வந்து விடும்.

உதாரணம்: ஓடியது 500 கிலோ மீட்டர். பிடித்தது 25 லிட்டர். மைலேஜ் 20.

ஒரு முறை போட்ட கணக்கை நம்பக் கூடாது. மூன்று முறை போட வேண்டும். சர்வீஸுக்கு விடும் முன்பே இந்தக் கணக்கு கையில் இருந்தால் இன்னும் நல்லது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளிடம் இந்த நோட்டைக் கொடுத்து விடலாம். வகுத்தல் கணக்கும் வரும். குடும்பத்துக்கும் உதவும்.

ஊருக்குள் அதிகம், வெளியே குறைவு

ஹைபிரிட் காருக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. சாதாரண கார், நெரிசலில் பெட்ரோலைக் குடிக்கும். நீண்ட ரோட்டில் மிச்சம் பிடிக்கும். ஹைபிரிட் கார் பெரும்பாலும் இதற்கு நேர் மாறு.

காஞ்சீபுரம் ராஜ வீதிகளில் ஊர்ந்து போகும்போது ஹைபிரிட் காருக்குக் கொண்டாட்டம். மோட்டார்தான் இழுக்கிறது. அடிக்கடி பிரேக் போடுவதால் மின்சாரமும் திரும்பி வருகிறது. அதே கார் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறி 100 கிலோ மீட்டர் வேகத்தில் பறந்தால், எஞ்சின் ஓயாமல் ஓடுகிறது. பிரேக்குக்கு வேலை இல்லை. 80 கிலோ மீட்டருக்கு மேல் போகப் போக, காற்றைக் கிழித்துக் கொண்டு போவதற்கே பெட்ரோல் கரைகிறது.

ஆகவே, சர்வீஸ் முடிந்த கையோடு குடும்பத்துடன் நெடுஞ்சாலைப் பயணம் போனவர், மைலேஜ் குறைந்து விட்டது என்று மெக்கானிக்கைத் திட்டினால், அது நியாயம் இல்லை.

வெயிலும் ஒரு காரணம். சித்திரையில் சர்வீஸுக்கு விட்டால், வண்டி திரும்பி வருவது அக்கினி நட்சத்திரத்தில். ஏ.சி. இல்லாமல் உட்கார முடியாது. ஏ.சி.யும் பேட்டரியில் இருந்துதான் மின்சாரம் எடுக்கிறது. பட்டுக் கடை வாசலில், ஏ.சி.யைப் போட்டுக் கொண்டு அரை மணி நேரம் டிரைவர் காத்திருக்கிறார். பேட்டரி இறங்குகிறது. அதை ஏற்றுவதற்காக, நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடுகிறது. கிலோ மீட்டர் பூஜ்யம். பெட்ரோல் மட்டும் போகிறது. கடும் வெயிலில் சிறு ஓட்டம் ஓடினால், ஏ.சி.யால் சாதாரணக் காரின் மைலேஜே கால் பங்குக்கு மேல் குறையலாம் என்று அமெரிக்க அரசு சொல்கிறது. ஹைபிரிட் காரில் அந்த விகிதம் இன்னும் கூடலாமாம்.

போன வருஷ மே மாதக் கணக்கையும், இந்த வருஷ மே மாதக் கணக்கையும் ஒப்பிடுங்கள். மார்கழியோடு மே மாதத்தை ஒப்பிட வேண்டாம்.

சர்வீஸில் நேரும் பிசகுகள்

இத்தனையும் பார்த்த பிறகும் மைலேஜ் குறைவுதான் என்றால், சர்வீஸைச் சந்தேகிக்கலாம்.

முதலில் பிரேக். ஹைபிரிட் காரில் மோட்டாரே பாதி பிரேக் வேலையைச் செய்து விடுகிறது. அதனால் பிரேக் கட்டைகளுக்கு வேலை குறைவு. வேலை குறைந்தால் துரு ஏறும். சர்வீஸில் அவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுகிறார்கள். சரியாக மாட்டாவிட்டால், கட்டை சக்கரத்தை லேசாகப் பிடித்துக் கொண்டே இருக்கும். ஒரு காலில் கல்லைக் கட்டிக் கொண்டு நடப்பது மாதிரி வண்டி ஓடும்.

இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பத்து கிலோ மீட்டர் ஓட்டுங்கள். கடைசியில் பிரேக்கை அதிகம் போடாமல், மெதுவாக நிறுத்துங்கள். நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டு போங்கள். தொட வேண்டாம். சுட்டு விடும். ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால், பிரேக் அங்கே பிடிக்கிறது. உடனே சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டு போக வேண்டும். இது பெட்ரோல் விஷயம் மட்டும் அல்ல. உயிர் விஷயம்.

அடுத்தது ஆயில். பல ஹைபிரிட் கார்களுக்குத் தண்ணீர் மாதிரி மெல்லிய ஆயில்தான் ஊற்ற வேண்டும். டப்பாவில் "0டபிள்யூ-16", "0டபிள்யூ-20" என்று எழுதி இருக்கும். எந்த எண் என்பது காரோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது. கெட்டி ஆயில் ஊற்றினால், எஞ்சின் அதைக் கிண்டிக் கொண்டே சுற்ற வேண்டும். கூழைக் கிண்டுவதற்கும் ரசத்தைக் கிண்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். இதில் ஒன்று, இரண்டு சதவீதம் போகும். பில்லைப் பார்த்தால் எந்த ஆயில் ஊற்றினார்கள் என்று தெரிந்து விடும். அளவும் முக்கியம். ஆயில் குச்சியில் உள்ள இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும்.

டயர் காற்று எவ்வளவு என்பது டிரைவர் பக்கத்துக் கதவின் ஓரத்தில் எழுதி இருக்கும். காலையில், டயர் சூடாகும் முன் பார்க்க வேண்டும். காற்றுக் குறைவால் மட்டும் மைலேஜ் பாதாளத்துக்குப் போய் விடாது. நான்கு டயரிலும் ஒரு பவுண்டு குறைந்தால், ஏறக்குறைய 0.2 சதவீதம்தான் போகும். ஆனால், பழைய டயரைக் கழற்றி விட்டு வேறு வகை டயர் மாட்டி இருந்தால், வித்தியாசம் பெரிதாகவே தெரியும். சக்கர நேர்கோடு பார்த்தார்களா என்றும் கேட்டுக் கொள்ளுங்கள்.

இன்னொரு இடம் பலருக்குத் தெரியாது. பெரிய பேட்டரிக்குக் காற்று வேண்டும். பல கார்களில் பின் இருக்கையின் பக்கத்திலோ, இருக்கைக்கு அடியிலோ ஒரு சல்லடை இருக்கிறது. அதன் வழியாக ஒரு மின்விசிறி காற்றை இழுத்து, பேட்டரியைக் குளிர வைக்கிறது. சல்லடையில் தூசி அடைத்தால் பேட்டரி சூடாகும். பேட்டரி சூடானால், கம்ப்யூட்டர் அதன் வேலையைக் குறைத்து விடும். அமெரிக்காவில் கம்பெனி கட்டளை போட்டுச் செய்ததை, இங்கே தூசி செய்து விடுகிறது! சர்வீஸில் இந்தச் சல்லடையைச் சுத்தம் செய்யாமல் விடுவதும் உண்டு. புது சீட் உறை அதை மூடி விடுவதும் உண்டு. பட்டுப் புடவை மூட்டைகளைப் பின்னால் அடுக்குகிறவர்கள் இந்தச் சல்லடையை மறைக்காமல் அடுக்க வேண்டும்.

சல்லடையைப் பார்ப்பதோடு நிறுத்திக் கொள்ளுங்கள். காருக்குள் ஆரஞ்சு நிறத்தில் தடித்த வயர்கள் போகும். அவற்றில் ஓடுவது உயர் அழுத்த மின்சாரம். பயிற்சி பெற்றவர் தவிர வேறு யாரும் அவற்றைத் தொடக் கூடாது.

பெட்ரோலே மாறி விட்டது

சர்வீஸ் நிலையத்தில் போய்க் கேட்டால், பல இடங்களில் ஒரு பதில் வருகிறது. "எல்லாம் பெட்ரோலால் வந்த வினை. எங்கள் மேல் தவறு இல்லை" என்கிறார்கள்.

இதில் உண்மை எவ்வளவு?

பெட்ரோல் மாறியது உண்மைதான். நாம் பங்கில் போடுவது முழுப் பெட்ரோல் அல்ல. அதில் எத்தனால் கலந்து இருக்கிறது. கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றில் இருந்து எத்தனால் எடுக்கிறார்கள். வெளிநாட்டில் இருந்து வாங்கும் எண்ணெயைக் குறைக்கவும், விவசாயிக்குப் பணம் போய்ச் சேரவும் மத்திய அரசு இந்தத் திட்டத்தைக் கொண்டு வந்தது. 100-க்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. 2025-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் அதுவே வழக்கம் ஆகி விட்டது.

எத்தனாலில் சக்தி குறைவு. ஒரு லிட்டர் பெட்ரோல் கொடுக்கும் சக்தியில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் ஒரு லிட்டர் எத்தனால் கொடுக்கும். ஆகவே, மைலேஜ் குறையத்தான் வேண்டும். பாலில் தண்ணீர் கலந்தது போல் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரி அல்ல. தண்ணீர் எரியாது. எத்தனால் எரியும். கொஞ்சம் குறைவாக எரியும் என்பதுதான் வித்தியாசம்.

2025 ஆகஸ்டில் இதைப் பற்றி நாடெங்கும் பெரிய சர்ச்சை கிளம்பியது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் விற்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். செப்டம்பர் 1-ந் தேதி அந்த வழக்கைச் சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்தது.

மைலேஜ் எவ்வளவு குறையும் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே ஒரு கணக்குச் சொன்னது. புதுப் பெட்ரோலுக்கு ஏற்றபடி சீர் செய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம் குறையும். மற்ற கார்களில் 3 முதல் 6 சதவீதம் வரை குறையும். இதுதான் அந்தக் கணக்கு.

இப்போது நம் உதாரணத்துக்கு வருவோம். லிட்டருக்கு 22 கிலோ மீட்டர் ஓடிய கார். அதில் 6 சதவீதம் குறைத்தால் என்ன வரும்? ஏறத்தாழ 20.7 வரும். 18 வராது! 22-ல் இருந்து 18 என்பது 18 சதவீத வீழ்ச்சி. பெட்ரோலின் மேல் முழுப் பழியையும் போட முடியாது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். சர்வீஸுக்கு விடுவதற்கு முந்தின வாரமும் அதே பங்கில், அதே பெட்ரோல்தான் போட்டீர்கள். சர்வீஸ் நடந்த அன்றா பெட்ரோல் மாறியது? நோட்டில் கணக்கு வைத்திருப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். கணக்கு இல்லாதவர் கேட்டால் எடுபடாது.

பங்கின் மேலேயே சந்தேகம் வந்தால், அதையும் சோதிக்கலாம். ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும், முத்திரை போட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்க வேண்டும். அதில் பிடித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வடிதாள் கேட்டு, அதில் ஒரு சொட்டு விட்டும் பார்க்கலாம். நல்ல பெட்ரோல் கறை இல்லாமல் ஆவியாகி விடும்.

எங்கே புகார் செய்வது?

சர்வீஸ் நிலையத்துக்குத் திரும்பப் போகும்போது, "மைலேஜ் வரவில்லை" என்று பொதுவாகச் சொன்னால் காரியம் நடக்காது. "சர்வீஸுக்கு முன் மூன்று முறை டேங்க் நிரப்பினேன். இவ்வளவு வந்தது. சர்வீஸுக்குப் பின் மூன்று முறை நிரப்பினேன். இவ்வளவு வருகிறது. பிரேக், ஆயில், பேட்டரி சல்லடை மூன்றையும் பார்த்து எழுதிக் கொடுங்கள்" என்று கேட்க வேண்டும். ஜாப் கார்டில் உங்கள் புகாரை எழுதச் சொல்லி, ஒரு நகல் வாங்கிக் கொள்ளுங்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு பத்து கிலோ மீட்டர் ஓட்டிக் காட்டுவதும் நல்லது. பெரும்பாலும் இதோடு காரியம் முடிந்து விடும்.

முடியாவிட்டால், நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. தமிழிலும் பேசலாம். அதற்கும் மேலே, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், வழக்குக் கட்டணம் கிடையாது. சர்வீஸ் பில் அதற்குள்தான் அடங்கும்.

ஆனால், வழக்கு என்றால் பொறுமை வேண்டும். டெல்லியில் ஒருவர் 2004-ஆம் ஆண்டு மாருதி ஜென் கார் வாங்கினார். விளம்பரத்தில் லிட்டருக்கு 16 முதல் 18 கிலோ மீட்டர் என்று போட்டு இருந்தது. அவருக்குக் கிடைத்ததோ ஏறத்தாழ 10 கிலோ மீட்டர். வழக்குப் போட்டார். கீழ் மன்றம், மேல் மன்றம் என்று வழக்கு ஏறிக் கொண்டே போயிற்று. ஒரு லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் உறுதி செய்தது 2024-ஆம் ஆண்டில். வாங்கிய கார் அது வரை ஓடி இருக்குமோ என்னவோ!

அந்த வழக்கு, கார் விற்றபோது செய்த விளம்பரத்தைப் பற்றியது. சர்வீஸ் பிசகுக்கு வேறு ஆதாரம் வேண்டும். சர்வீஸ் பில், ஜாப் கார்டு நகல், பெட்ரோல் பங்கு ரசீதுகள், கணக்கு நோட்டின் பக்கங்கள் ஆகிய நான்கையும் புகாரோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். ரசீதில் மை சீக்கிரம் மங்கி விடும். வாங்கிய அன்றே அதை போனில் படம் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்.